பூட்டி வைத்த பக்தி

ஆச்சிக்கு எழுத்து தெரியாது. ரேஷன் கடையில் பெருவிரலை மையில் உருட்டிவிட்டு, மிச்ச மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு வருவாள். ஆனால் மார்கழி பிறந்துவிட்டால் விடியலுக்கு முன்பே திருவெம்பாவை இருபது பாட்டும் அவள் வாயில் ஒரு சொல் பிசகாமல் வரும். சிவபுராணம் அவளுக்கு அடுப்பங்கரைப் பாட்டு. உலை வைத்ததும் தொடங்கினால், தண்ணீர் கொதித்து அரிசி போடுகிற நேரத்தில் முடியும். அவளுடைய அப்பா திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கதவுக்கு உள்பக்கம் நின்று கேட்டே அவளுக்கு மனப்பாடமாகிவிட்டதாம்.

அதே ஆச்சி, பூஜை அறையில் இருந்த ஏட்டுக் கட்டை யாரையும் தொடவிட மாட்டாள். ஒரு முழ நீளம் இருக்கும். மஞ்சள் பட்டைச் சுற்றி, நூற்கயிற்றால் கட்டி, சாமி படங்களுக்கு மேலே தனிப் பலகையில் வைத்திருந்தார்கள். “ஏலே, அது திருவாசகம். கையக் களுவிட்டு வந்தாலும் தொடப்பிடாது” என்பாள். தாத்தாவின் தாத்தா காலத்துச் சுவடி என்று வீட்டில் பேச்சு. வருஷத்துக்கு ஒரு நாள், சரஸ்வதி பூஜையன்று, கட்டு கீழே இறங்கும். பட்டுத்துணியை மட்டும் மாற்றுவார்கள். மரச்சட்டத்துக்கு இருபுறமும் தெரிகிற ஏட்டு விளிம்பில் தாத்தா சந்தனத்தைக் குழைத்து வைப்பார். குங்குமம், அட்சதை, பால் தெளிப்பு, கற்பூரம். எல்லாம் முடிந்ததும் கட்டு பலகைக்குத் திரும்பிவிடும். கயிற்றை அவிழ்த்து ஏட்டைப் பிரித்ததை நான் பார்த்ததே இல்லை. என் அப்பாவும் பார்த்ததில்லை.

ஆச்சி பாடிய திருவெம்பாவையும் சிவபுராணமும் திருவாசகம்தான். ஒரே திருவாசகம் ஒரே வீட்டில் இரண்டு இடங்களில் இருந்திருக்கிறது. ஒன்று ஆச்சியின் வாயில் தினமும் புழங்கியது. மற்றொன்று பட்டுக்குள் உறங்கியது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. இத்தனை வயதுக்குப் பிறகும் அந்த வீட்டை நினைக்கிறபோது எனக்கு முதலில் எழுவது இந்த வருத்தம்தான்.

சிதம்பரத்துக்கு முதல் தடவை போனபோது, பொன்னம்பலத்தைச் சுற்றி வருகையில் அப்பா ஓரிடத்தில் நின்று, “தேவார ஏடெல்லாம் இங்கதான் அடைச்சுக் கிடந்துதாம்” என்றார். உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை அது. தேவார மூவர் பாடிய பதிகங்கள் எங்கே போயின என்று தெரியாமல் சோழ மன்னன் தவிக்கிறான். திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி, பொல்லாப் பிள்ளையார் அருளால் இடத்தை அறிந்து சொல்கிறார்: தில்லையில், பூட்டிய அறையில். மன்னன் போய்க் கேட்கிறபோது தில்லைவாழ் அந்தணர்கள், பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் கதவு திறக்கும் என்கிறார்கள். மன்னன் மூவர் திருவுருவங்களுக்கும் பூசை செய்து வீதியுலாவாக எழுந்தருளச் செய்து கதவருகே கொண்டுவந்து நிறுத்துகிறான். கதவு திறக்கிறது. உள்ளே ஏடுகளை மூடிப் புற்று வளர்ந்திருக்கிறது. எண்ணெயைக் குடம் குடமாக ஊற்றிப் புற்றைக் கரைத்துப் பார்த்தால், பாடியவற்றில் பெரும்பகுதி அழிந்து, சுமார் எண்ணூறு பதிகங்களே மிஞ்சியிருக்கின்றன.

மன்னன் கலங்கியபோது, இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் விட்டுவைத்தோம் என்று அசரீரி எழுந்ததாகப் புராணம் ஆறுதல் சொல்கிறது. என் சிறுவயது மனம் அந்த ஆறுதலை ஏற்கவில்லை. கறையான் தின்றவை என்ன பாட்டுகளாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டே ரயில் ஏறியது நினைவிருக்கிறது. அந்த அறையைப் பூட்டியவர்கள் தேவாரத்தின்மேல் வெறுப்புக் கொண்டு பூட்டியதாகக் கதையில் எங்கும் இல்லை. அதைக் கைக்கு எட்டாத பொருளாக்கினார்கள். மனிதக் கை எட்டாத இடத்துக்குக் கறையான் எட்டிவிட்டது.

கதையின் அடுத்த பகுதியைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஏடு கிடைத்துவிட்டது, அதற்குரிய பண் யாருக்கும் தெரியவில்லை. எழுத்து இருக்கிறது, இசை இல்லை. அப்போது திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் போகிறார்கள். அவள் பாடிக் காட்ட, அதைக் கொண்டு பதிகங்களுக்குப் பண் வகுக்கிறார்கள். பூட்டிய அறை காக்கத் தவறியதை, அறைக்கு வெளியே நின்ற ஒரு பாணர்குலப் பெண்ணின் தொண்டை காத்து வைத்திருந்திருக்கிறது. இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு ஆச்சியின் உலைப்பானை நினைவுக்கு வரும்.

புற்றைக் கரைத்த எண்ணெய் என்றதும் இன்னொரு வாசனை வந்துவிடுகிறது. சுவடி நூலகங்களுக்குள் நுழைந்தவுடன் மூக்கில் ஏறும் புல்தைலத்தின் மணம். பழைய ஓலையில் அழுக்கு நீக்கவும், முறுமுறுவென்று உடைகிற ஓலைக்குக் கொஞ்சம் நெகிழ்வு கொடுக்கவும் பஞ்சில் தொட்டுத் துடைப்பார்கள். பூச்சியும் அந்த வாசனைக்கு அண்டாது. எழுத்து மங்கியிருந்தால் விளக்குக்கரியைக் குழைத்துத் தடவித் துடைப்பார்கள். எழுத்தாணி கீறிய பள்ளத்தில் கரி தங்கி, எழுத்து பளிச்சென்று எழும்பும்.

தாத்தாவும் ஆச்சியும் காலமாகி, வீடு பாகம் பிரிந்தபோது, ஏட்டுக் கட்டு யாருக்கு என்பதில் பெரிய பேச்சு எழவில்லை. நிலத்துக்கு இருந்த சண்டை ஏட்டுக்கு இல்லை. வீட்டில் வைத்தால் தினமும் விளக்கேற்ற வேண்டும், தீட்டு பார்க்க வேண்டும் என்று எல்லோரும் தயங்கினார்கள். நான் எடுத்துக்கொண்டு ஒரு சுவடி நூலகத்துக்குப் போனேன். ஓலைகளைப் பேணும் வேலையில் இருந்த ஓர் அம்மாள் கட்டை வாங்கி, மேசையில் வெள்ளைத்துணி விரித்து, கயிற்றை அவிழ்த்தார். மேல் சட்டத்தை எடுத்துவிட்டு விளிம்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தம்பி, இதுக்கு வருஷா வருஷம் சந்தனம் வெச்சீங்களா?”

“ஆமாம்மா. பூஜைக்கு.”

“அது வெச்ச இடத்துலதான் ஒட்டிப் போயிருக்கு. பாலும் தெளிச்சிருக்கீங்க. பூஞ்சை வந்திருக்கு பாருங்க.”

குரலில் கடிதல் எதுவும் இல்லை. நிறையப் பார்த்தவரின் அமைதி இருந்தது. ஓலைகளின் இரு விளிம்பும் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டிருந்தன. நடுப்பகுதியில் பூச்சி துளைத்த சுரங்கங்கள். நாலு தலைமுறையாகச் செய்த பூஜையின் ஈரம் அங்கே படிந்திருந்தது. அந்தச் சந்தனத்தைக் குழைத்த தாத்தாவின் விரல்களை எனக்குத் தெரியும். அவர் அந்தக் கட்டின்முன் கண்ணை மூடி நின்றதில் துளி பொய் கிடையாது. ஓர் ஏட்டின்மேல் உண்மையான அன்பு வைத்து, அந்த அன்பாலேயே அதை அழிக்கவும் முடியும் என்பதை அந்த மேசையருகே நின்று நான் பார்த்தேன்.

திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவனுக்கு இது புதுக்கதை இல்லை. உ.வே. சாமிநாதையர் எங்கள் சீமைக்கு ஏடு தேடி வந்தபோது கண்டவற்றை ‘என் சரித்திரம்’ நூலில் எழுதியிருக்கிறார். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் கரிவலம்வந்தநல்லூர். அங்கே பாண்டிய மன்னர் ஒருவரின் ஏட்டுத் தொகுதி கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆவலோடு போகிறார். அவருக்குக் கிடைத்த பதில்: பழுதுபட்ட ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, நெய்யில் தோய்த்து ஹோமம் செய்ய வேண்டும் என்று ஆகமம் சொல்கிறது, அப்படியே செய்துவிட்டோம்.

நெய்யில் தோய்த்து. அந்த இடத்தை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். அவர்கள் குப்பையில் எறியவில்லை. விலை கொடுத்து நெய் வாங்கி, தீ வளர்த்து, மந்திரம் சொல்லி, மரியாதையாக எரித்தார்கள். எந்தப் புலவரின் எந்த நூல் அந்தத் தீயில் போனதோ, பட்டியல்கூட நமக்கு இல்லை.

ஆற்றில் விட்டதும் உண்டு. ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் பழைய ஏடுகளைத் தேர்போல் அலங்கரித்துப் புதுவெள்ளத்தில் விடுகிற வழக்கம் இருந்ததையும் அவர் நொந்து எழுதியிருக்கிறார். மதுரையில் தேவார மூவருள் ஒருவரான சம்பந்தர் இட்ட ஏடு தீயில் வேகாமல் பச்சையாக இருந்தது, வைகையில் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துத் திருவேடகத்தில் கரை ஏறியது என்று கேட்டு வளர்ந்த மக்கள் அவர்கள். நெருப்பும் நீரும் தெய்வ வாக்கை எதுவும் செய்யாது என்று உள்மனம் நம்பியிருக்கலாம். சம்பந்தர் கதையில் ஏடு மீண்டு வருகிறது. தாமிரபரணியில் போனது கடலுக்குத்தான் போயிற்று.

ஆனால் இந்தப் பக்தியை முழுக்கக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் என்னால் முடியவில்லை. அதே உ.வே.சா. கண்ட இன்னொரு காட்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் சீவகசிந்தாமணியை 1887-இலும் பத்துப்பாட்டை 1889-இலும் சிலப்பதிகாரத்தை 1892-இலும் புறநானூற்றை 1894-இலும் மணிமேகலையை 1898-இலும் அச்சேற்றினார். அந்த மூலங்கள் எங்கே இருந்தன? மடங்களில் இருந்தன, கவிராயர் வீடுகளில் இருந்தன. பாட்டன் படித்தான், தகப்பன் தொட்டுக் கும்பிட்டான், மகனுக்கு ஓர் எழுத்தும் ஓடவில்லை என்று ஆன வீடுகளிலும் இருந்தன. என்ன நூல் என்றே தெரியாமல், எறிந்தால் பாவம் என்ற ஒரே அச்சத்தால் காத்தவர்கள் எத்தனையோ பேர். அந்த அச்சம் இல்லாதிருந்தால் ஓலைக்கட்டு பாதி வீடுகளில் அடுப்பெரிக்கப் போயிருக்கும். படிக்காத கையும் ஏட்டைப் பாதுகாக்க முடியும். படிக்கிற ஒருவர் வாசலில் வந்து நிற்கும்வரை. அப்படி ஒருவர் வரும்போது கயிறு அவிழ வேண்டும். எங்கே அவிழ்ந்ததோ அங்கே தமிழ் பிழைத்தது.

ஓலை எப்போதுமே நிரந்தரத்துக்காக எழுதப்பட்டது இல்லை. நம் வெயிலிலும் மழையிலும் சில நூறு ஆண்டுகள் தாங்கினாலே அதிகம். அதனால்தான் சுவடி நைகிறது என்று கண்டதும் புது ஓலையில் பெயர்த்து எழுதுவார்கள். அந்தப் பெயர்த்தெழுதுதல்தான் ஏட்டின் உயிர். ஒரு தலைமுறை எழுதாமல் விட்டால் சங்கிலி அறும். படிப்பதும் அப்படியே. பல சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரத்துக்குக் குறில் நெடில் வேறுபாடு இராது. சொல்லுக்குச் சொல் இடைவெளி இராது. பாட்டை முன்பே காதால் கேட்டவனுக்குத்தான் ஏடு வாய்திறக்கும். ஆச்சியையும் அந்தக் கட்டையும் ஒரு மேசையில் உட்கார வைத்திருக்க வேண்டும். எழுத்து கூட்டுகிற ஒருவன் தடுமாறுகிற இடத்தில் அவள் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்திருப்பாள்.

நூலகத்து அம்மாள் பல நாள் பாடுபட்டு, ஒட்டிய ஓலைகளில் ஒரு பகுதியைப் பிரித்தார். கடைசி ஓலை நல்லவேளையாகத் தப்பியிருந்தது. அதில் எழுதியவரின் பெயரும், தமிழ் வருஷமும், ஆவணி மாதத்தில் எழுதி நிறைவேறியது என்ற குறிப்பும் இருந்தன. என்னை உலுக்கியது அதைவிட வேறொன்று. சில ஓலைகளில் வரிகளுக்கு இடையே சின்ன எழுத்தில் திருத்தங்கள்; விட்டுப்போன சொல்லை வேறொரு கை நுழைத்து எழுதியிருந்தது. எழுதியவர் ஒருவர், படித்துத் திருத்தியவர் ஒருவர். அப்படியானால் எங்கள் வீட்டில் இந்த ஏட்டை விரித்துவைத்துப் படித்த காலம் ஒன்று இருந்திருக்கிறது! தவறு கண்டால் எழுத்தாணி எடுத்துத் திருத்துகிற உரிமையோடு படித்திருக்கிறார்கள். தெய்வ நூலில் கீறலாமா என்று திருத்தியவர் கை நடுங்கவில்லை. பிறகு அச்சுப் புத்தகம் வந்திருக்கும். படிக்க அது போதும் என்று ஆனதும், ஓலை பலகைமேல் ஏறிச் சாமியாகிவிட்டது.

அச்சுப் புத்தகமும் சாமியாகும். தாத்தாவின் தம்பி, எங்கள் சின்னத்தாத்தா, அப்படி ஒரு பூஜை செய்தவர். 1920-இல் திருநெல்வேலியில் தொடங்கிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் வெளியிட்டவற்றில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாங்கிச் சேர்த்தார். ஒவ்வொன்றுக்கும் காக்கித்தாள் அட்டை, முத்து முத்தான எழுத்தில் எண், கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலமாரி. சாவி இடுப்பில். கண்ணாடிக்கு வெளியே நின்று முதுகுப் பெயர்களை நாங்கள் எழுத்துக்கூட்டிப் படிப்போம். “பெறவு தாரேன்” என்பார். அந்தப் பிறகு வரவில்லை. அவரும் பல புத்தகங்களின் ஒட்டிய பக்கங்களை வெட்டிப் பிரிக்காமலே வைத்திருந்தார். அவருக்குப் பின் அலமாரியைத் திறந்தபோது ராமபாணம் நுழைந்து, அட்டைக்கு அட்டை ஒரே நேர்க்கோட்டில் துளைத்துப் போயிருந்தது. அவருக்குப் புத்தகத்தின்மேல் இருந்த காதலை நான் ஒருநாளும் ஐயப்பட்டதில்லை. பிறர் கை பட்டால் நைந்துவிடுமே என்ற பதைப்பே அவரை அப்படி ஆக்கியது.

நைந்து போன புத்தகங்களும் அதே வீட்டில் இருந்தன. எண் போடாமல், அட்டை இல்லாமல். பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை. பகல் வேலை முடிந்து பெண்கள் முற்றத்தில் கூடுவார்கள். எழுத்து தெரிந்த பையன் என்று என்னை நடுவில் உட்கார்த்துவார்கள். நான் ராகம் போட்டுப் படிப்பேன். நல்லதங்காள் பிள்ளைகளோடு கிணற்றடிக்கு வருகிற இடத்தில் ஆச்சி மூக்கைச் சிந்துவாள். பக்கத்து வீட்டுக்காரி, “அந்த எடத்த இன்னொருவாட்டிப் படி ராசா” என்பாள். எண்ணெய்க் கை பட்டும் விளக்குப் புகை பட்டும் மூலை மடிந்தும் அந்தப் புத்தகங்கள் சில வருஷத்தில் தாள் தாளாகக் கழன்றன. அடுத்த திருவிழாக் கடையில் அதே கதைக்குப் புதுப் பிரதி வாங்கினார்கள். ஒரு நூலுக்கு அதைவிட நிறைந்த வாழ்வு எனக்குத் தெரியவில்லை.

அப்படிக் கழன்று போகிற தாளையும் தேடிச் சேர்த்த ஒருவர் இருந்தார் என்பதைப் பின்னால் அறிந்தேன். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். இலக்கியத்தோடு பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று அச்சு ஏறிய எதையும் விடாமல் திரட்டினார். 1992-இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் பொருள்கள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கித் தமிழ்நாட்டிலேயே இருக்கச் செய்ததால், 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அவருடையதும் அளவு கடந்த பித்துதான். சின்னத்தாத்தாவின் பித்துக்கும் அதற்கும் இருந்த வேறுபாடு, கடைசியில் கதவு எந்தப் பக்கம் திறந்தது என்பதில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தை நினைக்காமல் இந்தப் பேச்சில் மேலே போக முடியாது. 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த பொதுநூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் இருந்தன. கிடைத்தற்கரிய சுவடிகளும் அவற்றுள் இருந்தன. அது பகையின் தீ. அதை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அந்தத் தீக்கு முகம் உண்டு, தேதி உண்டு, நெஞ்சில் ஆறாத புண் உண்டு. கரிவலத்துத் தீக்கும் ஆடிப்பெருக்கு வெள்ளத்துக்கும் பட்டுத்துணிக்குள் பெருகிய பூஞ்சைக்கும் தேதி கிடையாது. வணங்கி அழித்ததற்காக யாரும் அழுவதில்லை. எரிப்பவனிடமிருந்து நூலைக் காக்க நினைக்கிற சமூகம், தன் வணக்கத்திலிருந்தும் அதைக் காக்க வேண்டியிருக்கிறது.

இறை நூலை எறியக்கூடாது என்ற கட்டளை நமக்கு மட்டும் உரியதன்று. யூதர்கள் இறைவன் பெயர் எழுதப்பட்ட எதையும் அழிக்க மாட்டார்கள். தேய்ந்த பிரதிகளை ஓர் அறையில் சேர்த்துவைத்துப் பின் மண்ணில் அடக்கம் செய்வார்கள். பழைய கெய்ரோவில், பென் எஸ்ரா தொழுகைக்கூடத்து அறையில் போட்டவை அடக்கம் செய்யப்படாமலே எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் குவிந்து கிடந்தன. எகிப்தின் வறண்ட காற்று அவற்றைக் காத்தது. 1896-97இல் சாலமன் ஷெக்டர் அங்கே போய், ஏறத்தாழ 1,93,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். வேதப் பகுதிகளோடு கடிதங்களும் கணக்குகளும் திருமண ஒப்பந்தங்களும் கிடைத்தன. மலபார்க் கரையில் வாழ்ந்த பன்னிரண்டாம் நூற்றாண்டு வணிகர்களின் கடிதங்களும் அவற்றில் உண்டு. எழுத்து என்றாலே அழிக்கத் தயங்கியவர்களின் மரியாதை ஒரு முழு உலகத்தை மிச்சம் வைத்தது. நம் காற்றில் அந்தக் கருணை இல்லை. இங்கே ஏட்டைச் சும்மா வைத்திருப்பதே அழிப்பதுதான். பிரிக்க வேண்டும், துடைக்க வேண்டும், பெயர்த்து எழுத வேண்டும்.

அமிர்தசரஸில் ஓர் இரவு என் எண்ணத்தை இன்னும் தெளிவாக்கியது. ஒரு நூலுக்கு மனிதர்கள் இதற்குமேல் மரியாதை செய்ய முடியுமா என்று அங்கே நினைத்தேன். இரவில் சீக்கியர்களின் மறைநூலான குரு கிரந்த சாகிபைப் பொற்கோயிலிலிருந்து பல்லக்கில் ஏற்றி, அகால் தக்துக்கு எடுத்துச் சென்று துயில் கொள்ளச் செய்கிறார்கள். விடியலுக்கு முன் மறுபடி பல்லக்கில் வருகிறது. விதானம், பட்டு, கவரி. 1604-இல் குரு அர்ஜன் தொகுத்த நூலின் முழு வடிவத்தை, 1708-இல் குரு கோவிந்த் சிங் இனி இதுவே குரு என்று அறிவித்துப் போனார். ஒரு நூலை நிலைத்த குருவாகவே ஏற்ற சமயம் அது. ஆனால் பட்டை விலக்கியதும் அவர்கள் முதலில் செய்வது நூலைத் திறப்பது. திறந்த பக்கத்தில் வரும் பாட்டை உரக்கப் படிக்கிறார்கள். அன்றைய நாளுக்கு அதுவே கட்டளை. கபீரும் ரவிதாஸும் நாமதேவரும் ஷேக் ஃபரீதும் பாடியவை அந்த 1,430 பக்கங்களுக்குள் இருக்கின்றன. பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் கண்ணை மூடி உதடு அசைத்துக்கொண்டிருந்தார். மொழி புரியாவிட்டாலும் அந்த உதட்டசைவு எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் நான் பார்த்து வளர்ந்தது அது.

அளவு மிஞ்சிய பக்தி எது என்று அன்றிரவு எனக்கு ஒரு விடை கிடைத்தது. பல்லக்கும் பட்டும் கற்பூரமும் அதை அளக்கிற கோல் அல்ல. எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம். இவ்வளவும் செய்த பிறகு நூல் திறக்கிறதா, கேட்க வந்தவன் காதில் விழுகிறதா என்பதே கேள்வி. விழவில்லையென்றால், கும்பிடப்படுவது ஓலையும் பட்டும்தான். பாட்டு வெளியே நின்றுகொண்டிருக்கிறது.

மறுபடி தில்லைக்கே வருகிறேன். திருவாசகம் பிறந்த கதையும் அங்கேதான் முடிகிறது. மாணிக்கவாசகர் சொல்ல, அந்தணர் வடிவில் வந்த இறைவனே ஏட்டில் எழுதி, கையெழுத்தும் இட்டு, அம்பலத்துப் படியில் வைத்துவிட்டு மறைந்தார் என்பது மரபு. காலையில் அந்த ஏட்டைக் கண்டவர்கள் அதைப் பட்டில் சுற்றி உள்ளே வைக்கவில்லை. பிரித்துப் படித்தார்கள். படித்து, பொருள் என்ன என்று கேட்டு ஆசிரியரைத் தேடிப் போனார்கள். அவர் அவர்களை அழைத்துக்கொண்டு அம்பலத்துக்கு வந்து, பொருள் இவனே என்று கூத்தனைக் காட்டி, அவனோடு கலந்தார். இறைவனே எழுதிய ஏட்டுக்கும் அப்பால் ஒன்றைச் சுட்டினார் அவர். ஏடு வழிபாட்டின் முடிவிடம் என்றிருந்தால் அவர் ஏட்டையே காட்டியிருக்கலாம்.

அதே தில்லையில், சிற்றம்பல மேடையில் நின்று தேவார திருவாசகம் பாட ஒரு முதிய சிவனடியார் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 2008-இல் அரசாணை வந்த பின்னரே அது கைகூடியது. அந்தச் செய்தி வந்தபோது ஆச்சி இல்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நான் ஊகிக்க மாட்டேன். பாட்டை நெஞ்சில் சுமந்த ஒரு கிழவர் அதைப் பாடுவதற்கு அனுமதி கேட்டு நின்ற நாட்களை நினைத்தால், பழைய பூட்டிய அறை புராணத்தில் மட்டும் இல்லை என்று தெரிகிறது.

இதற்கு மருந்தும் நம் வழக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. நவமியன்று புத்தகத்தை அடுக்கிப் பூஜை செய்யச் சொன்ன அதே முறை, மறுநாள் விஜயதசமியன்று காலையில் புனர்பூஜை செய்து, புத்தகத்தை எடுத்துக் கொஞ்சமாவது படிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. குழந்தையை மடியில் வைத்து நெல்லில் எழுத்து எழுதச் செய்வதும் அன்றுதான். ஒரு நாள் வணக்கம், மறுநாள் வாசிப்பு. முன்னோர் இரண்டையும் சேர்த்தே வைத்தார்கள். எங்கள் வீடு முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டது.

உங்கள் வீட்டுப் பரணிலோ பூஜை அறையிலோ இப்படி ஒரு கட்டு இருக்கலாம். தயவுசெய்து அதன்மேல் ஈரம் படவிடாதீர்கள். சந்தனத்தைச் சாமி படத்துக்கு வையுங்கள். ஓலைகளை நீங்களாகப் பிரிக்க முயலாமல், சுவடி நூலகத்தில் இருப்பவர்களை அழைத்துக் காட்டுங்கள். குலச்சொத்தைக் கொடுக்க மனம் வராவிட்டால், படம் எடுத்துக்கொள்ள மட்டுமாவது விடுங்கள். கட்டு உங்கள் வீட்டிலேயே இருக்கும், பாட்டு ஊருக்குப் போகும். அதில் திருவாசகம் இருக்கலாம். மாட்டு வைத்தியம் இருக்கலாம். பெயரே தெரியாத ஒரு புலவரின் ஒரே நூலாகவும் இருக்கலாம். எதுவானாலும், ஒருவர் காய்ந்த ஓலையை மடியில் வைத்து, கழுத்து வலிக்க, எழுத்து எழுத்தாகக் கீறியது பின்னால் வருகிற ஒருவர் படிப்பார் என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கையை நிறைவேற்றுவதைவிடப் பெரிய பூஜை ஒன்றை நான் அறியேன்.